மடை திறக்கும் முன்

நொய்யல் ஆற்றில் சாமளாபுரம் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வெள்ளியங்கிரி மலைச்சரிவில் பிறக்கும் ஆறு கோவை நகரத்தைக் கடந்து, சூலூரைத் தாண்டி நம்மிடம் வருகிறது. நம்மை விட்டுப் போனால் மங்கலம், அப்புறம் திருப்பூர். மேலே ஒரு மாநகரம், கீழே ஒரு மாநகரம். மேலூர்க்காரர் கழித்துவிட்டதை நாம் வாங்குகிறோம். நாம் கழித்துவிடுவதைக் கீழூர்க்காரர் வாங்குகிறார். இப்படி நடுவில் இருக்கிற ஊருக்குப் புகார் சொல்லும் உரிமையும் உண்டு, பதில் சொல்லும் கடமையும் உண்டு. புகாரை நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடமையைப் பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது. பண்ணையம் செய்கிறவர்களுக்கும், தறி ஓட்டுகிறவர்களுக்கும், இரண்டையும் ஒரே வளவுக்குள் வைத்திருக்கிற நம் ஊர்க் குடும்பங்களுக்கும் இதை எழுதுகிறேன். அடுத்த மழைக்காலத்துக்குள் செய்து முடிக்க வேண்டிய காரியங்கள் இருப்பதால் சுற்றி வளைக்கவில்லை.

மண் கெட்டது, தண்ணீர் கெட்டது என்று பேச்செடுத்தாலே நம் பக்கத்தில் கை சாயப்பட்டறையைத்தான் காட்டும். அதில் பொய்யில்லை. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று அணை கட்டி 1992-ல் முடித்தார்கள். சில வருடங்களுக்குள் அது திருப்பூர்ச் சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிவிட்டது. எந்த விவசாயிக்காக அணை கட்டினார்களோ, அந்த விவசாயியே ‘இதில் தண்ணீரைத் தேக்காதீர்கள்’ என்று போராட வேண்டி வந்தது. அணையைச் சுற்றியிருந்த கிணறுகள் உப்பாயின. மஞ்சள் போட்டவர்கள் மஞ்சளை விட்டார்கள், நெல் போட்டவர்கள் நெல்லை விட்டார்கள். கடைசியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட வெளியிலிருந்து கொண்டுவந்த குடும்பங்கள் உண்டு.

ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். சாயப்பட்டறையிலிருந்து ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து மூன்று மாதம் அவகாசம் கொடுத்தது. அவகாசம் போனது, கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒட்டுமொத்தமாக மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வருடம் திருப்பூரில் வேலையில்லாமல் ஊர் திரும்பிய கூலிக்காரர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். விவசாயி வயிற்றில் அடித்த தவறு கடைசியில் தொழிலாளி வயிற்றிலும் அடித்தது.

அதற்கு முன்பே உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் நொய்யல் பாசனத்தில் நட்டப்பட்டவர்களைக் கணக்கெடுத்தது. 68 கிராமங்கள், 28,596 விவசாயிகள். அவர்களுக்கு நிர்ணயித்த இழப்பீடு சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய். பெரிய தொகையாகத் தெரிகிறதா? வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. உப்பாகிப்போன ஒரு கிணற்றுக்கும், காய்ந்துபோன தென்னைக்கும், விற்றுப்போன கறவைக்கும் சேர்த்துச் சட்டம் கொடுக்க முடிந்த விலை அவ்வளவுதான். மண் போன பிறகு நியாயம் கிடைத்தாலும் மண் கிடைக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டுகிறேன்.

சாயக்கழிவில் நம் கண்ணில் பட்டது நிறம். ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடியதைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டார்கள். உண்மையில் நிலத்தைக் கொன்றது நிறம் இல்லை, உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் லிட்டருக்கு ஐம்பது முதல் எண்பது கிராம் வரை உப்பு போட வேண்டும். அடர் நிறத்துக்கு இன்னும் கூடும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளாது. போட்ட உப்பு அத்தனையும் கழிவுத் தண்ணீரில் வெளியே வரும். சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு நிறத்தை எடுத்துவிடலாம். உப்பு அப்படியே நிற்கும். அதனால்தான் பழைய சுத்திகரிப்பு முறைகள் தண்ணீரைத் தெளிவாக்கினவே தவிர, பயிருக்கு ஆகும்படி ஆக்கவில்லை. இன்றைக்குத் திருப்பூரில் ஓடும் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வு வழியே தண்ணீரை மீட்டு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுக்கின்றன. பெரும் செலவு பிடிக்கிற வேலை அது. செய்கிறவர்களைப் பாராட்ட வேண்டும். எதற்கும் உதவாத கலப்பு உப்பு இன்னும் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அனுமதி வாங்காமல் மறைவாக ஓடும் சின்னப் பட்டறைகளும் இன்னும் ஒழியவில்லை.

இவ்வளவும் பட்டறைக்காரர் கணக்கு. நீதிமன்றம் அதைப் பார்த்தது, இன்னும் பார்க்கும். நம் கணக்கை யார் பார்ப்பது?

நம் தோட்டத்தில் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டு, கிடைத்த தண்ணீரை ருசிகூடப் பார்க்காமல் வாய்க்காலில் திருப்புகிறோமே, அதை முதலில் சொல்கிறேன். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிற்கும்படி பாய்ச்சினால் ஏறக்குறைய ஒரு லட்சத்து மூவாயிரம் லிட்டர் ஆகும். அந்தத் தண்ணீரின் டி.டி.எஸ். 2,000 என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் அது நடக்காத கதை இல்லை. லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு. ஒரு தண்ணிக்கு 200 கிலோ, அதாவது நாலு மூட்டை உப்பை நம் கையாலேயே ஒரு ஏக்கரில் இறைத்துவிடுகிறோம். பத்துத் தண்ணி கட்டினால் இரண்டு டன். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகும், பயிரும் தண்ணீரைத்தான் குடிக்கும். உப்பு எங்கும் போகாது. யாராவது ஒருவர் லாரியில் இரண்டு டன் உப்பைக் கொண்டுவந்து நம் காட்டில் கொட்டினால் வெட்டுக்குத்து நடந்திருக்கும். அதையே மின்மோட்டார் செய்யும்போது வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உப்பு ஏறிய தோட்டத்தைக் காலை வெயில் ஏறும் முன் போய்ப் பாருங்கள். பாத்தியின் மேடான விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். தென்னையில் அடி மட்டைகளின் ஓலை நுனி பழுப்பாகிக் கருகி வரும். நேற்றுக் கட்டிய தண்ணீர் இன்றைக்கும் மண்ணுக்குள் இறங்காமல் சேறாகக் குழம்பி நிற்கும். காய்ந்ததும் அதே மண் ஓடு போல இறுகி, மம்பட்டி போட்டால் ‘டங்’ என்று திருப்பி அடிக்கும். சோடியம் ஏறின களிமண்ணின் குணம் அது. மண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இடையில் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழிவிட்டு நிற்பதுதான் நல்ல மண். சோடியம் மிஞ்சினால் அந்தப் பிடி விட்டுவிடும். துகள் சிதறிச் சந்துகளை அடைத்துக்கொள்ளும், வேருக்கு மூச்சு முட்டும். சோடியம் மிஞ்சாமல் வெறும் உப்பாக இருந்தாலும் கேடுதான். அப்போது மண் ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் வேரால் அந்த ஈரத்தை இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றபடியே பயிர் வாடும். ‘தண்ணி போதலை’ என்று நினைத்து நாம் இன்னொரு தண்ணி கட்டுவோம். இன்னும் நாலு மூட்டை.

இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. மண்ணைச் சோதிக்காமல் கடைக்காரர் சொன்னார் என்று ஜிப்சம் மூட்டையை வாங்கி இறக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோடியம் மிஞ்சின களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம். அதிலிருக்கும் கால்சியம் போய் மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிடும், அப்புறம் நல்ல தண்ணீர் விட்டு அதை வடிகாலில் வெளியேற்ற வேண்டும். வெறும் உவர் மண்ணுக்கு ஜிப்சம் போட்டு ஒரு பயனும் இல்லை. அதற்கு நல்ல தண்ணீரால் கழுவல், வடிகால், இவை மட்டுமே வழி. எது களர், எது உவர் என்பதை மண் பரிசோதனை சொல்லும். மண்ணின் கார அளவு எட்டரைக்கு மேல் போய்ச் சோடியமும் மிஞ்சியிருந்தால் களர். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன் நாலுக்கு மேல் போனால் உவர். தண்ணீருக்கும் அதே போலக் கணக்கு உண்டு. மின்கடத்து திறன் முக்காலுக்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. மூன்றைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. இடையில் இருந்தால் பயிரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சின்னவெங்காயமும் அவரை வகைகளும் உப்பைத் தாங்காது. சோளமும் பருத்தியும் ஓரளவு தாங்கும். உப்புத்தண்ணியை வைத்துக்கொண்டு வெங்காயம் போட்டுவிட்டு விதை சரியில்லை என்று விதைக்காரரோடு சண்டைக்குப் போவது நியாயமில்லை.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் மிகக் குறைவு. மண் எடுக்கும் விதம்தான் முக்கியம். வரப்போரம், எருக்குப்பை கிடந்த இடம், மர நிழல் இவற்றை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில எழுத்து ‘வி’ மாதிரி அரையடிக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டை மேலிருந்து கீழ்வரை சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகத்தைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ நிற்கும்வரை குறைத்தால் அதுதான் உங்கள் தோட்டத்தின் முகம். தண்ணீருக்கு, மோட்டாரை ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள். இதற்குச் சோம்பல்படுகிற நாம் கார் சர்வீசுக்குத் தேதி தவறுவதில்லை.

அடுத்தது குளத்து வண்டல். ஏரி, குளங்களில் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதியே போதும் என்று 2024-ல் அரசு வழியை எளிதாக்கியது. நல்ல காரியம். குளம் ஆழமாகும், காடும் செழிக்கும். நம் முன்னோர் ஒவ்வொரு கோடையிலும் வண்டி கட்டி அடித்த மண் அது. ஆனால் அவர்கள் காலத்தில் குளத்துக்குள் வந்தது மலையிலிருந்து அடித்துவந்த வண்டல். இன்றைக்கு நொய்யலில் வருவது கோவை நகரத்தின் சாக்கடையும், வழியில் சேரும் ஆலைக்கழிவும் கலந்த தண்ணீர். அந்தத் தண்ணீர் நின்ற குளத்தின் அடிமண்ணில் உப்பும் இருக்கலாம், முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து வரும் கன உலோகங்களும் இருக்கலாம். உப்பாவது மழையில் கரைந்து ஒருநாள் போகும், கன உலோகம் தலைமுறைக்கும் போகாது. ஆகவே டிராக்டரை இறக்கும் முன் அந்த மண்ணைச் சோதனைக்கு அனுப்புங்கள். கன உலோகத்தையும் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள், வழக்கமான பரிசோதனையில் அது வராது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் நமக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. நல்ல மண் என்று வந்தால் சந்தோஷமாக அடியுங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைச் சோறு விளையும் இடத்தில் கொட்டாதீர்கள்.

சாக்கடைத் தண்ணீரைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: ‘அதுல எருச் சத்து இருக்குதுங்க, தட்டு நல்லா வருது’ என்பார்கள். வருகிறதுதான். தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் இருக்கின்றன. குளத்தில் ஆகாயத்தாமரை அப்படிப் படர்வதற்கும் அவைதான் காரணம். கூடவே சோப்புத்தூளின் சோடியமும் வருகிறது, நோய்க்கிருமிகளும் வருகின்றன. பச்சையாகத் தின்னும் கீரைக்கும் காய்க்கும் அந்தத் தண்ணீரைக் கட்டி உழவர் சந்தைக்குக் கொண்டுபோகிறவர் யாராக இருந்தாலும், அந்தக் கீரையைத் தன் பேரக்குழந்தைக்கு ஊட்டத் துணிவாரா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். துணியமாட்டார் என்றால் விற்கவும் கூடாது.

யூரியாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. மற்ற உரங்களின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. அதனால் கை தானாக யூரியா மூட்டைக்குப் போகிறது. பயிர் ஒரு வாரத்தில் கறுகறுவென்று பச்சை காட்டுகிறது, மனம் குளிர்கிறது. கோவை வேளாண் கல்லூரி நிலத்தில் 1909-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு பாத்திக்கு எதுவும் போடாமல், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்று சத்தும் சேர்த்து, இன்னொன்றுக்கு மாட்டெரு என்று வருடா வருடம் அதே பாத்திக்கு அதையே போட்டுப் பார்க்கும் நிரந்தர எருச் சோதனை. நூறு வருடம் தாண்டிவிட்ட அந்தப் பாத்திகள் சொல்வது ஒன்றுதான்: தழைச்சத்தை மட்டும் கொடுத்த மண் களைத்துப்போனது, எருவும் உரமும் அளவோடு சேர்த்துக் கொடுத்த மண் நின்றது. நம் ஊருக்குப் பக்கத்திலேயே நூறு வருடமாக எழுதிவைத்த சாட்சி இது. இதற்கு மேல் யார் வந்து சொல்ல வேண்டும்?

எரு எங்கே கிடைக்கிறது என்று கேட்பீர்கள். பல்லடத்தைச் சுற்றிக் கறிக்கோழிப் பண்ணை இல்லாத ஊர் எது? கோழி எரு லாரி லாரியாகப் போகிறது. அதைச் சூடு ஆறாமல் அப்படியே கொண்டுவந்து தென்னைக்கு அடியில் கொட்டாதீர்கள், வேர் வெந்துவிடும். குவித்து, தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று மாதம் திருப்பிப் போட்டு மட்கவைத்த பின் போடுங்கள். கோடையில் ஆட்டுப்பட்டி போட இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். தக்கைப்பூண்டு களர் மண்ணிலும் வரும், அந்த மண்ணைத் தேற்றவும் உதவும். தென்னை மட்டையையும் சோளத்தட்டின் தூரையும் தீ வைத்துக் கொளுத்துவதை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். மண்ணுக்குப் போக வேண்டிய சத்து அது.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். தொண்ணூறுகளில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் ஓட்டிய டேங்கர் லாரிகள் எங்கிருந்து நிரப்பிக்கொண்டு போயின? அவினாசி, பல்லடம் வட்டாரத்துத் தோட்டத்துக் கிணறுகளில் இருந்துதான். வெள்ளாமையைவிடத் தண்ணீர் விற்பதில் காசு கூட என்று மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட்டவர்களில் விவசாயிகளே இருந்தார்கள். அந்தத் தண்ணீர் சாயமும் உப்புமாக ஆற்றுக்கு வந்தபோது, அதே விவசாயிகள் பட்டறையைத் திட்டினார்கள். 2000-க்குப் பிறகு காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் திருப்பூருக்கு வந்தது. அதற்குப் பிறகும் லாரி வியாபாரம் முழுதாக நிற்கவில்லை. இன்றைக்கும் பாறை இடுக்கில் எத்தனையோ மழைக்காலங்கள் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துவைத்த தண்ணீரை மணிக்கணக்கில் இறைத்து விற்கிறோம். அதே பாறையில் அடுத்த தோட்டத்துக்காரரின் போரும் இருக்கிறது. உங்கள் வேலி மேலேதான் ஓடுகிறது, அறுநூறு அடிக்குக் கீழே வேலி கிடையாது.

அந்த மோட்டாருக்குப் போகும் மின்சாரம் இலவசம். இலவசம் என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, அதற்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. 1970 ஜூனில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் கூடிய விவசாயிகள் மேல் போலீஸ் சுட்டு மூன்று பேர் செத்தார்கள். நாராயணசாமி நாயுடுவின் பின்னால் கோவை வீதிகளில் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்திய தலைமுறை அது. உழவுக்கு என்று உயிரைக் கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் லாரிக்குத் தண்ணீர் இறைப்பது அந்த மூன்று பேருக்கும் செய்கிற துரோகம். உழவுக்கே என்றாலும் வாய்க்காலில் வெள்ளமாக விட்டுப் பாதியை வீணாக்கும் உரிமை நமக்கில்லை. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதமும் மற்றவர்களுக்கு எழுபத்தைந்து சதவீதமும் மானியம் இருக்கும்போது ‘வசதியில்லை’ என்று சொல்ல முடியாது. உப்புத்தண்ணி உள்ளவர் சொட்டுநீர் போட்டால் வருடத்துக்கு ஒருமுறையாவது வேர்ப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் சொட்டு விழும் இடத்தைச் சுற்றி உப்பு வளையம் கட்டி நின்றுவிடும்.

மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கும் மனை மேடுபடுத்தவும் விற்கிறவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். அந்த அரையடி மண் உருவாக எத்தனையோ நூறு வருடம் ஆகியிருக்கும். இரண்டு நாள் பொக்லைன் வாடகையில் அது போய்விடும். வாங்கிய காசு ஒரு கல்யாணச் செலவுக்குக் கூடக் காணாது.

தறி முதலாளிகளிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊரில் முன்னால் தறிக்குடோன், பின்னால் தோட்டம் என்று இருக்கிற குடும்பங்கள் அதிகம். காடாத்துணி நெய்வதில் சாயக்கழிவு இல்லை, உண்மைதான். ஆனால் பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங்கில் மிஞ்சும் கஞ்சித்தண்ணீர் ஓடைக்குப் போனால் அழுகி, தண்ணீரில் இருக்கும் காற்றைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும். நூலுக்குச் சாயம் ஏற்ற யாரிடம் கொடுக்கிறீர்கள், அவர் சுத்திகரிப்பில் சேர்ந்தவரா என்று கேட்கிற அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைவு என்று மறைவான பட்டறைக்கு நூலைக் கொடுத்தால், அந்த ரெண்டு ரூபாயை உங்கள் பின்பக்கத்துத் தென்னைதான் கட்டும். இரவில் டேங்கரில் கொண்டுவந்து ஓடையிலும் பாழ்கிணற்றிலும் கழிவைத் திறந்துவிட்டுப் போகிற வண்டிகளைப் பார்த்தும் ‘நமக்கென்ன’ என்று கதவைச் சாத்துகிறவர் நல்லவர் ஆகமாட்டார். வண்டி எண்ணைக் குறியுங்கள், படம் எடுங்கள், பத்துப் பேராகச் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். தனி ஆளாகப் போனால் மிரட்டுவார்கள், ஊராகப் போனால் மிரட்ட முடியாது. நொய்யல் விவசாயிகள் சங்கமாகப் போனதால்தான் நீதிமன்றம் வரை போக முடிந்தது.

குளத்தையும் அப்படித்தான் காக்க வேண்டும். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் அறுபது வருடக் கோரிக்கைக்குப் பிறகு 2024 ஆகஸ்ட் 17 அன்று ஓடத் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வீணாகும் பவானி உபரி நீரை ஆறு இடத்தில் பம்ப் செய்து மேட்டுக்கு ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோக 1,916 கோடி ரூபாய் ஆனது. தண்ணீரை மலையேற்றக் கோடிகள் கொட்டுகிற இந்த நாட்டில், தானாக ஓடிவருகிற தண்ணீரைத் தேக்கும் சாமளாபுரம் குளத்தின் வாய்க்காலில் கோழிக்கடைக் கழிவையும் வீட்டுக் குப்பையையும் கட்டிட இடிபாட்டையும் கொட்டுவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? பேரூராட்சி குப்பை எடுக்கவில்லை என்றால் பேரூராட்சியைக் கேளுங்கள், குளத்தைத் தண்டிக்காதீர்கள். எந்தெந்தத் தெருவின் சாக்கடை எந்த இடத்தில் வாய்க்காலில் விழுகிறது என்பது அந்தந்த வார்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். அதை எழுதிக்கொண்டு போய் மன்றத்தில் வையுங்கள், கழிவுநீரைச் சுத்தம் செய்து விட வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஒருமுறை கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

கடைசியாக, ஏன் இத்தனை அவசரப்படுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மலையின் மழை மறைவில் கிடக்கும் நம் மண்டலத்துக்கு வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் மழை, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். 2016-ல் அது தமிழ்நாடு முழுவதும் 62 சதவீதம் குறைந்தது, அடுத்த கோடையில் நம் வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் மொத்தமாய்க் காய்ந்து நின்றன. அந்த மழைதான் உப்பில்லாமல் நமக்குக் கிடைக்கிற ஒரே தண்ணீர். 600 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது 24 லட்சம் லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கரில் 200 வண்டி. அது ஒன்றுதான் உங்கள் மண்ணில் இத்தனை வருடம் ஏறின உப்பைக் கரைத்துக் கீழே தள்ளக்கூடியது. மேட்டிலிருந்து ஓடிப்போக விட்டால் அந்த வாய்ப்பு ஒரு வருடத்துக்குப் போயிற்று. ஆகவே புரட்டாசி முடிவதற்குள் மண்ணையும் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். களர் என்று வந்தால் சொன்ன அளவு ஜிப்சத்தை இறக்கி உழுதுவையுங்கள். பொழிகளை உயர்த்திக் கட்டுங்கள், சரிவுக்குக் குறுக்கே உழுங்கள், தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். உப்பு கரைந்த தண்ணீர் வெளியேற வடிகாலைத் திறந்துவிடுங்கள், ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்குள் அல்ல, ஓடைக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே அந்த வடிகாலை வெட்டுங்கள்.